இருபத்து நான்காம் கட்டம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூட்டுவலி குறைந்து காலையில் மறுபடியும் ஏரிக்கரைப் பக்கம் நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. பேத்தியின் காதுகுத்துப் படங்களை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். இங்கே சான் ஆன்டோனியோ வெயில் நம் வேலூர் வெயிலுக்குச் சற்றும் குறைந்ததில்லை. மற்றபடி சுகம்.

இந்த முறை ஒரு காரியமாகவே எழுதுகிறேன். பட்டாளத்தில் சுபேதார் வரை இருந்தவன் நீ. உன்னிடம்தான் இதைக் கேட்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து ஈராக் போனவர். முன்னால் சென்ற வண்டி கண்ணிவெடியில் சிதறியதைப் பார்த்தவர். ஊர் திரும்பியபின் தூக்கம் போயிற்று. கஞ்சா பிடித்தார். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் முகாமை விட்டுப் போய்விட்டார். பிடிபட்டபோது, கோர்ட் மார்ஷல் என்னும் ராணுவ நீதிமன்றத்தைச் சந்திக்கிறாயா, அதற்குப் பதிலாக என்னை வெளியே அனுப்பிவிடுங்கள் என்று எழுதிக் கொடுக்கிறாயா என்ற கேள்வி வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் போனால் அது தானாகவே கௌரவமான விடுவிப்பாக மாறிவிடும் என்று கூட இருந்த பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எதுவும் தானாக மாறுவதில்லை. ஆனால் அந்தப் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் அங்கே ஏராளம்.

படையிலிருந்து வெளிவரும்போது உனக்குத் தந்த டிஸ்சார்ஜ் புத்தகம் போல இவர்களுக்கு டிடி 214 என்று ஒரு தாள். அவர் அதைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் விரித்தார். மடிப்புகளில் நைந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. மேலே பயிற்சிகள், பதக்கங்கள், ஈராக்கில் இருந்த காலம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கீழே 24ஆம் கட்டத்தில் பணியின் தன்மை: கௌரவத்துக்குக் குறைவான நிலையில் விடுவிப்பு. 28ஆம் கட்டத்தில் காரணம்: கோர்ட் மார்ஷல் விசாரணைக்குப் பதிலாக. இந்தக் கட்டங்கள் இல்லாத சுருக்கப் பிரதி ஒன்றும் தருகிறார்கள். வேலை கொடுப்பவர்கள் கேட்பது முழுப் பிரதியைத்தான்.

என் மனதை அறுப்பது இதுதான். விடுவிப்பில் ஐந்து தரம் உண்டு. கடைசி இரண்டைக் கோர்ட் மார்ஷல் தண்டனையாகத்தான் விதிக்க முடியும். இவருக்குக் கிடைத்தது நடுவில் உள்ளது. நீதிபதி இல்லை, தீர்ப்பு இல்லை, அதிகாரிகள் மட்டத்திலேயே முடிந்துவிடும். ஆனால் போரிலிருந்து திரும்பியவர்களுக்கான கல்லூரிப் படிப்பு உதவி போய்விட்டது. முன்னாள் படைவீரர் மருத்துவமனை வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்றே இத்தனை வருடமும் இருந்திருக்கிறார். உண்மையில் இவரைப் போன்றவர்களும் விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்குத் தகுதி உண்டா என்பதை அந்தத் துறை தனியாக ஆராய்ந்து முடிவு செய்யும். போர்க்களத்துக்குப் போனவர்களுக்கு மனநல சிகிச்சை பெற 2018இல் தனிச்சட்டமே வந்தது. அதை இவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

தரத்தை மாற்றக் கேட்க இரண்டு வழிகள் உண்டு. வெளியே வந்து 15 ஆண்டுக்குள் என்றால் விடுவிப்பு மறுஆய்வு வாரியம். இவருக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அடுத்தது ஆவணத் திருத்த வாரியம், டிடி 149 படிவம். அதற்கு மூன்று ஆண்டுதான் கெடு என்றாலும், நீதியின் பொருட்டு அதைத் தளர்த்தும் அதிகாரம் வாரியத்துக்கு இருக்கிறது. போர் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்டவர்களின் மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்க வேண்டும் என்று 2014இல் பாதுகாப்பு அமைச்சர் ஹேகல் உத்தரவிட்டார். வியட்நாம் போரில் இருந்தவர்களை மனதில் வைத்து வந்தது அது. 2017இல் வந்த இன்னொரு உத்தரவு அதை இன்னும் தெளிவாக்கியது. வாரியம் நான்கு கேள்வி கேட்கும்: பாதிப்பு இருந்ததா, பணிக்காலத்திலேயே இருந்ததா, செய்த தவறுக்கு அது காரணமாகுமா, தவறைவிட அது கனமானதா. முதல் இரண்டுக்கு வீரரின் வாக்குமூலமே போதுமானதாகலாம் என்று அந்த உத்தரவு சொல்கிறது. மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் மனுக்கள் சரிகின்றன. நான் நல்லவன் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்களே தவிர, ஈராக்குக்கு முன் எப்படி இருந்தேன், பின் எப்படி ஆனேன், எது எதனால் நடந்தது என்று கோத்துக் காட்டுவதில்லை.

1906இல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில்லில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பொறுப்பாக்கி, 167 கறுப்பின வீரர்களை எந்த விசாரணையும் இல்லாமல் கௌரவமின்றி வெளியேற்றினார் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். 1972இல்தான் தரைப்படை அதைத் திருத்தியது. பெரும்பாலானவர்கள் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த டார்சி வில்லிஸ் என்பவர், மினியாபொலிஸில் காலணி துடைத்துப் பிழைத்து, எண்பது வயதைத் தாண்டிய பிறகு சான்றிதழைக் கையில் வாங்கினார். இதைப் படித்ததிலிருந்து, எங்கள் தெருக்காரரின் மனு இன்னும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போகக் கூடாது என்று துடிக்கிறேன்.

பணிப் பதிவேட்டில் தண்டனைகளைக் குறிக்கும் சிவப்பு மைப் பதிவுகள் நான்கு இருப்பதால் மட்டுமே ஒருவனை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது, அவன் எங்கே, எவ்வளவு காலம், எத்தகைய கடினமான இடங்களில் பணி செய்தான் என்பதையும் பார்க்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் சொன்னதை நீதான் முன்பு எழுதியிருந்தாய். சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போன உன் ஆட்களுக்கு மனு எழுதவும் உதவியிருக்கிறாய்.

அதனால் கேட்கிறேன். இவருடன் ஒரே வண்டியில் இருந்த ஒருவர் சாட்சிக் கடிதம் தரச் சம்மதித்திருக்கிறார். அவர் எழுத்தில் பழக்கமில்லாதவர். நல்ல பையன், தைரியசாலி என்று இரண்டு வரியோடு நிறுத்திவிடுவார். அவரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்? ஒரு வீரன் உள்ளுக்குள் உடைகிறான் என்பதைப் பக்கத்தில் இருப்பவன் எதிலிருந்து முதலில் தெரிந்துகொள்கிறான், காவல் முறையிலா, சாப்பாட்டிலா, துப்பாக்கியைக் கையாளும் விதத்திலா? தோன்றுவதை எல்லாம் எழுது. நீ எழுதுவதைக் கேள்விகளாக்கி அவருக்கு அனுப்புகிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்