அலுமினியத்துக்கு இரும்பு மருந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளை ஏர் ரைபிள் பயிற்சிக்கு அனுப்பும் வடசென்னைப் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். கறுப்பு அலுமினியப் பாகத்தில் வெள்ளைக் கீறல் விழுந்தால் பலர் இரும்பைக் கருநீலமாக்கும் ப்ளூயிங் திரவத்தை வாங்கித் தடவிவிடுகிறார்கள். அலுமினியத்தில் அது சரியாகப் பிடிக்காது. திட்டுத் திட்டாகக் கறைதான் மிஞ்சும்.

முதலில் கீறல்தானா என்று பாருங்கள். ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் தடவியதும் வெள்ளைக் கோடு மறைந்தால், அது மேல் உராய்வுதான், துடைத்துவிட்டு விட்டுவிடலாம். மறையாவிட்டால் மல்டிமீட்டரை (மின்சாரம் சோதிக்கும் கருவி) மின்தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில் வைத்து, அதன் இரு முனைகளையும் கோட்டின் மேலேயே வையுங்கள். அனோடைசிங் படலம், அதாவது அலுமினியத்தின் மேல் மின்சார முறையில் உண்டாக்கிய கடினமான ஆக்சைடு படலம், மின்சாரத்தைக் கடத்தாது. மீட்டர் ஒலித்தால் உலோகம் வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

அதற்கு அலுமினியத்துக்கென்றே விற்கும் கறுப்புத் திரவம்தான் வேண்டும். அதில் பெரும்பாலும் செலினியம் சேர்மம் இருக்கும், அது நஞ்சு. கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வேலை செய்யுங்கள். அசிட்டோனால் எண்ணெய்ப் பிசுக்கை முழுவதும் நீக்குங்கள். விரல் பட்ட இடத்தில் கறுப்பு ஏறாது. 600 நம்பர் உப்புத்தாளைச் சிறு துண்டாக மடித்து, கீறலுக்குள் மட்டும் லேசாகத் தேயுங்கள். தேய்த்த கையோடு திரவத்தை வைத்துவிட வேண்டும், ஏனென்றால் வெறும் அலுமினியத்தின் மேல் ஆக்சைடு உடனே படர ஆரம்பித்துவிடும். பஞ்சுக்குச்சியால் தொட்டு, ஒரு நிமிடத்துக்குள் தண்ணீரால் கழுவுங்கள். நிறம் போதாவிட்டால் மறுபடி வையுங்கள். ஒரேயடியாக ஊறவிட்டால் கறுப்பு பொடியாகி, துணியோடு வந்துவிடும்.

இது வெறும் நிறம்தான், பழைய படலத்தின் கடினம் திரும்பாது. எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் கடற்காற்றில் அந்த இடம் உப்பை வாங்கி வெள்ளையாகப் பூக்கும். ஆகவே காய்ந்ததும் மெழுகு பூசி, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பழைய கறுப்பை மொத்தமாக எடுக்கிறோம் என்று காஸ்டிக் சோடாவில் போடவே கூடாது. படலத்தோடு அலுமினியத்தையும் அது தின்றுவிடும்.

வரிசை எண் பொறித்த இடத்தில் உப்புத்தாளே படக்கூடாது. துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பதை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடுக்கிறது.

ரைபிளில் 200 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்குக் காற்று அடைத்த சிலிண்டரையும் தொட வேண்டாம். தேய்த்தல், சூடாக்கல், திரவம் எதுவும் அதற்கு ஆகாது. ஆழமான கீறல் தெரிந்தால் பயன்படுத்தாமல் விற்பனையாளரிடம் காட்டுங்கள். அப்படியே அதில் பொறித்த தேதியையும் பாருங்கள். போட்டி ரைபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் ஆயுள் 10 ஆண்டுகள்தான்.

துப்பாக்கிப் பராமரிப்பாளர்கள்,
திருவொற்றியூர், சென்னை.