திருப்புல்லாணியில் எங்களுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

திருப்புல்லாணி, சேதுக்கரை ஊர்ப் பெருமக்களுக்கும் ஆதிஜெகந்நாதப் பெருமாள் திருக்கோயில் கைங்கரியம் செய்வோர் அனைவருக்கும் பணிவான வணக்கம்.

எங்கள் பள்ளி மாணவர்களுக்குத் தங்கள் மாவட்டத்திலேயே உள்ள திவ்யதேசத்தை, அதாவது ஆழ்வார்கள் பாடிய திருமால் தலத்தை, நின்று நிதானமாகக் காட்ட வேண்டும் என்ற நெடுநாள் விருப்பம் உங்களால் நிறைவேறியது. இராமேசுவரம் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, அவசரமாக ஒரு வலம் வந்து கிளம்பிவிடும் கோயிலாகவே பலருக்கும் இது பழகிப்போயிருக்கிறது. 108 திவ்யதேசங்களுள் ஒன்றாகவும் இறைவனிடம் முழுதாக அடைக்கலம் புகுவதன் பெருமையைக் காட்டும் சரணாகதித் தலமாகவும் வைணவப் பெரியோர் போற்றும் ஊருக்கு அது போதாது என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

முதல் நன்றி கோயில் அர்ச்சகரான பட்டாச்சாரியார் சுவாமிகளுக்கு. தர்ப்பசயன இராமர் சந்நிதியில் மாணவர்களை அமர்த்தி, இலங்கைக்கு வழி வேண்டி இராமபிரான் தர்ப்பைப் புல்லின் மேல் மூன்று நாள் கடலரசனை நோக்கிக் கிடந்த வரலாற்றை அவர் சொன்னார். கடலைச் சரணடையலாம் என்ற யோசனையைக் கூறியவனே, சற்று முன்பு இராமனிடம் அடைக்கலம் புகுந்த வீடணன்தான் என்பதை எங்களில் பலர் அன்றுதான் கவனித்தோம். வீடணன் செய்த சரணாகதி உடனே பலித்தது; இராமன் செய்தது பலிக்கவில்லையே, அவன் வில்லை எடுத்த பிறகுதானே கடலரசன் வந்தான் என்று ஒரு மாணவி கேட்டாள். சரண் புகுபவனின் தகுதியைவிடச் சரண் அளிப்பவனின் ஆற்றலும் அருளுமே பெரிது, அவை நிறைந்த இடத்தில் வீடணன் விழுந்தான், அவை இல்லாத இடத்தில் இராமபிரான் விழுந்து காட்டினார் என்று பட்டாச்சாரியார் விளக்கியபோது, ஆசிரியர்களாகிய நாங்களும் மாணவர்களாகவே அமர்ந்திருந்தோம்.

திருமங்கையாழ்வார் இத்தலத்துக்கு அருளிய இரண்டு பதிகங்களின் 20 பாசுரங்களையும் பொறுமையாகச் சேவித்துக் காட்டிய, பாசுரம் ஓதும் அத்யாபகர்களுக்கு எங்கள் வந்தனம். பெருமாளைப் பிரிந்த தலைவியின் குரலில் அமைந்த அப்பாசுரங்களில், ‘புன்னை முத்தம் பொழில் சூழ்ந்து அழகாய புல்லாணியே’ என்ற அடியைக் கேட்டதும், தங்கள் தெருவிலும் புன்னை உண்டு என்று பிள்ளைகள் எழுந்து சொன்னார்கள். பனை மரத்து அன்றில் பறவையின் குரல் தலைவியின் துயரைப் பெருக்கும் பாட்டையும், பனைகளுக்கு நடுவே வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் உரை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மடைப்பள்ளியார் அன்போடு வழங்கிய பால்பாயசப் பிரசாதத்தை மறக்க முடியாது. மகப்பேறு வேண்டித் தசரதன் இப்பெருமாளை வழிபட்டதாகத் தலவரலாறு கூறுகிறது. அந்த நம்பிக்கையில்தான் இன்றும் தம்பதியர் அரசமரத்தடியில் நாகர் சிலை நிறுவும் நாகப் பிரதிஷ்டை செய்து இப்பாயசத்தைப் பெற்றுக்கொள்கிறார்கள். அங்கு வேண்டிக்கொண்டிருந்த தம்பதியருக்கு இடைஞ்சல் இல்லாதபடி மாணவர்களை வரிசையாக அழைத்துச் சென்ற கோயில் பணியாளர்களுக்கும், சக்கர தீர்த்தக் கரையைக் கூட்டி வைத்திருந்த தாய்மார்களுக்கும் நன்றி.

சேதுக்கரையில் எங்களுக்கு வழிகாட்டியவர்கள் மீனவச் சகோதரர்கள். இலங்கைத் திசை பார்த்துக் கடலை நோக்கி நிற்கும் ஆஞ்சநேயரைத் தரிசித்த பின், ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இக்கரையில் நீராடித் தர்ப்பணம் செய்யப் பெருந்திரளாகக் கூடும் மக்களைத் தாங்கள் எப்படிக் கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை அவர்கள் விரிவாகச் சொன்னார்கள். இராமர் அமைத்த சேது அணையின் காவலர் என்ற பொறுப்பைத் தம் பட்டப்பெயரிலேயே தாங்கிய இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர்களைப் பற்றிப் பாடத்தில் படித்திருந்த பிள்ளைகள், அந்தக் காவல் இன்னும் இக்கரையில் நடப்பதை நேரில் கண்டார்கள். வெயிலுக்கு மோரும் குடிநீரும் கீழக்கரையிலிருந்து அனுப்பிவைத்து, பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட இசுலாமியப் பெரியவருக்கும் இம்மடல் உரியது.

மாணவர்கள் அன்று எழுதிய குறிப்புகளைத் தொகுத்து வருகிறோம். பங்குனிப் பிரம்மோற்சவத்துக்கு வரும்போது அதன் படியொன்றைத் திருக்கோயிலில் சமர்ப்பிப்போம். அதில் பிழை இருந்தால் பட்டாச்சாரியார் சுவாமிகள் திருத்தித் தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்கள், மாணவர்கள் சார்பில்,
இராமநாதபுரம்.