மணலில் கிடந்த பைபிளும் உன் பெரியப்பாவின் தகரப் பெட்டியும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏறத் தொடங்கியிருக்கிறாய் என்று படித்ததும் மனம் ஆறியது. இங்கே மகள் வீட்டில் எல்லோரும் நலம். பர்மாப் போர்முனையிலிருந்து உன் பெரியப்பா கொண்டுவந்த பதக்கங்களும் கடிதங்களும் கிடக்கும் தகரப் பெட்டியை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால், சென்ற மாதம் நான் பார்த்துவந்த ஓர் ஊர்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறது பெட்ஃபோர்டு. பண்ணைகள் நிறைந்த ஒரு கிராமப்புறக் கவுண்டியின், அதாவது நம்மூர் மாவட்டம் போன்றதன், தலைமை ஊர் அது. 1944இல் ஊரில் ஏறத்தாழ 3,200 பேர்தான் இருந்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கையில் காசில்லாமல் இருந்த இளைஞர்கள் பலர், ஒரு நாள் பயிற்சிக்கு ஒரு டாலர் கிடைக்கும் என்று நேஷனல் கார்டு எனப்படும் மாநிலப் படையில் சேர்ந்தார்கள். உள்ளூரிலேயே ஆள் திரட்டிய பிரிவு என்பதால் உடன்பிறந்தவர்களும் பள்ளித் தோழர்களும் கம்பெனி எனப்படும் ஒரே சிறு படைப்பிரிவில் இருந்தார்கள். 1941 பிப்ரவரியில் முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்ட அவர்கள், 116ஆம் காலாட்படை ரெஜிமெண்டின் ஏ கம்பெனியாக, டி-டே எனப்படும் படையெடுப்பு நாளான 1944 ஜூன் 6 காலை, பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள ஒமாஹா கடற்கரையில் முதல் அலையிலேயே இறக்கப்பட்டார்கள். அந்தக் கம்பெனியில் இருந்த பெட்ஃபோர்டுக்காரர்களில் 19 பேர் அன்றே இறந்தார்கள். ஓர் ஊரின் பிள்ளைகளை ஒரே பிரிவில் வைத்தால், சாவும் சேர்ந்தே ஊருக்குள் வரும் என்பதைப் படைத்தலைமை யோசித்ததாகத் தெரியவில்லை.

செய்தி வரவே 41 நாட்கள் ஆயின. ஜூலை 17 காலை, கடைவீதியிலிருந்த கிரீன்ஸ் மருந்துக்கடையின் மூலையில் தந்திப் பொறியை இயக்கிய எலிசபெத் டீஸ் என்ற இளம்பெண் வழக்கம்போல் வேலையைத் தொடங்கியபோது, போர்ச் செயலாளரின் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவிக்கும் தந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. ஒரே ஆளால் கொண்டுபோய்க் கொடுக்க முடியாத அளவுக்கு வந்ததால் ஷெரிஃப், டாக்ஸி ஓட்டுநர் என்று கிடைத்தவர்களிடமெல்லாம் கொடுத்து அனுப்பினாராம். அந்த வீடுகளில் பெரும்பாலானவை அவருக்குத் தெரிந்த வீடுகள்.

நீதிமன்றத்தின் முன்னால் 1954இல் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். மலைமேல் இப்போது நிற்கும் தேசிய டி-டே நினைவகம் வருவதற்கோ, அவர்கள் இறந்து 57 ஆண்டுகள் ஆயின. 2001 ஜூன் 6 அன்று ஜனாதிபதி புஷ் திறந்துவைத்தார். படையெடுப்பு நாளைக் குறிக்கும் விதமாக 44 அடி 6 அங்குல உயரத்தில் ஒரு வளைவு நிற்கிறது. கீழேயுள்ள குளத்தில் குண்டு விழுவதுபோல் அங்கங்கே நீர் தெறிக்கிறது. அன்று இறந்த நேச நாட்டு வீரர்கள் 4,400க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை வெண்கலப் பட்டயங்களில் படிக்கலாம். திறந்த அடுத்த ஆண்டே நினைவக அறக்கட்டளை கடன் தாங்காமல் திவால் மனுக் கொடுத்தது. பிறகு மெல்ல மீண்டது. 2010இல் நேச நாட்டுத் தலைவர்களின் வரிசையில் சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலினுக்கும் மார்பளவுச் சிலை வைக்கப்போய், பெரும் எதிர்ப்பு எழுந்து, சில மாதங்களிலேயே அதை அகற்றினார்கள். சொந்தப் பிள்ளைகளை நினைக்க வரும் இடத்தில் அந்த முகம் எதற்கு என்ற கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

உண்மையைச் சொன்னால், அந்தப் பெரிய வளைவு என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. தரையில் பதித்த செங்கற்கள்தான் என்னை நிறுத்தின. குடும்பத்தார் பணம் கட்டித் தம் வீட்டு வீரரின் பெயரைப் பொறிக்கச் செய்தவை அவை. எந்தப் போர் என்ற வேற்றுமை இல்லாமல் கிடக்கும் அந்தப் பெயர்களைக் குனிந்தபடியே படித்துக்கொண்டு போனேன். மகள் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

அந்த 19 பேரில் பெட்ஃபோர்டு ஹோபாக், ரேமண்ட் ஹோபாக் என்ற அண்ணன் தம்பி இருவரும் அடக்கம். ஒருவர் இறந்தார் என்றும் மற்றவரைக் காணவில்லை என்றும் வீட்டுக்குத் தந்திகள் வந்தன. ரேமண்டின் உடல் கிடைக்கவே இல்லை. மறுநாள் கடற்கரையில் நடந்துபோன மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு படைவீரர், மணலில் கிடந்த ஒரு பைபிளை எடுத்துப் பார்த்திருக்கிறார். 1938 கிறிஸ்துமஸுக்கு ரேமண்டின் தாய் கொடுத்தது என்று உள்ளே எழுதியிருந்தது. அதை அவர் வீட்டுக்கு அனுப்பி, உங்கள் மகன் நலமாக இருப்பதாக அவரிடமிருந்து இதற்குள் கடிதம் வந்திருக்கும் என நம்புகிறேன் என்ற பொருளில் ஒரு வரியும் சேர்த்துக் கடிதம் எழுதியிருந்தார். அந்த வரியை அந்தத் தாய் எப்படிப் படித்திருப்பார்! தங்கை லூசில் அந்தப் பைபிளைப் பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்து, கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அண்ணன்மாரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கல் நடுவதற்கு முன்பே அந்த வீடு அவர்களுக்கு நினைவகமாகிவிட்டது. முன்பக்கத்தில் அந்தத் தாய் பேரெழுதாமல் விட்டிருந்தால், அந்தப் புத்தகம் யார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருக்காது என்பதை நீ கவனிக்க வேண்டும்.

ஆகவே தகரப் பெட்டியை எந்த அருங்காட்சியகத்துக்கும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதே. கடிதங்களின் மடிப்பைப் பிரித்து, படமெடுத்து வைத்துக்கொள். புகைப்படங்களில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று சொல்லக்கூடியவர் இப்போது உன் பெரியம்மா ஒருவர்தான். பெயரையும் ஊரையும் படத்தின் பின்புறம் பென்சிலால் நீயே எழுது. மையில் எழுதினால் முன்பக்கம் ஊறிவிடும். பெரியம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய், அதனால் காலை வெளிச்சத்தில் திண்ணையில் உட்காரவைத்துக் கேள்.

உன் அன்பு நண்பன்