சிராங்கூன் ரோடு முதலாளிகளுக்கு: அப்பாவின் 24 நாள்

சிங்கப்பூர் தேக்கா வட்டாரத்தில் மளிகைக்கடை, நகைக்கடை, உணவகம் நடத்தும் முதலாளிகளுக்கு வணக்கம்.

"பெத்தவளுக்கு லீவு சரி. உனக்கு எதுக்குப்பா?" சிறு கடைகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கும் எங்கள் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. கேட்பவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஊரிலிருந்து மாமியார் வந்து பத்தியச் சமையல் செய்வார், குழந்தையைக் குளிப்பாட்டுவார் என்பது அவருடைய பழைய கணக்கு. இப்போது பல வீடுகளில் பாட்டியே வேலைக்குப் போகிறார். (கல்யாண வீட்டில் "எப்பப்பா நல்ல சேதி?" என்று முந்திக்கொண்டு கேட்பவரும் இதே முதலாளிதான்.)

2025 ஏப்ரல் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு 4 வாரத் தந்தையர் விடுப்பு கட்டாயம். முதலில் நீங்கள் சம்பளம் போட வேண்டும்; வாரத்துக்கு 2,500 வெள்ளி வரை, மசேநி (மத்திய சேம நிதி) உட்பட, அரசாங்கம் திருப்பித் தரும். ஆக, இடிப்பது காசு இல்லை, ஆள்தான்.

தகுதியில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பார்க்க வேண்டியது குழந்தைக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமை உண்டா என்பதை, அப்பாவின் வேலை பாஸை அல்ல. அவர் குழந்தையின் தாயைச் சட்டப்படி மணந்தவராக, பிரசவத்துக்கு முன் உங்களிடம் தொடர்ந்து 3 மாதமாவது வேலை பார்த்தவராக இருக்க வேண்டும். 4 வாரம் முன்கூட்டியே சொல்வது அவர் பொறுப்பு.

கடை வாரம் 6 நாள் என்றால் 4 வாரம் என்பது 24 வேலை நாள். நீங்களும் அவரும் பேசி வைக்காவிட்டால், குழந்தை பிறந்த 16 வாரத்துக்குள் அதை ஒரே மூச்சில் எடுப்பார். தீபாவளி நெருக்கத்தில் கல்லாவில் ஆளில்லாமல் தவிப்பது இதனால்தான். பேசிவிட்டால் 12 மாதத்துக்குள் பிரித்துக்கொள்ளலாம். உதாரணமாக, குழந்தை வீட்டுக்கு வந்ததும் 12 நாள், மீதியை வாரம் 2 நாளாக 6 வாரத்துக்கு. அந்த இரண்டையும் செவ்வாய், புதன் என வைத்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவர் கடையில் இருப்பார்.

அப்பாவும் அம்மாவும் பங்கு போட்டு எடுக்கும் 'பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பு' தனி. 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு அது 10 வாரம், ஆளுக்கு 5. பங்கை மாற்ற நினைக்கும் தம்பதி, பிறந்த 4 வாரத்துக்குள் முடிவு செய்யலாம். "உன் பங்கையும் வீட்டுக்காரிக்கே கொடுத்துடேன்" என்று முதலாளி யோசனை சொல்வது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

ஊழியர் வளைகாப்புக்கு அழைக்க வரும்போதே காலண்டரை எடுத்து மேசையில் விரியுங்கள். மருத்துவர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் பென்சிலால் கோடு போடுங்கள். பேனா வேண்டாம், பிள்ளைகள் சொன்ன தேதிக்கு வருவதில்லை. அந்த வாரங்களுக்கு மாற்றாள் யார் என்பதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்கர்கள் சிலர்