பலேர்மோவில் பிறந்த பிள்ளைகளுக்காக: இத்தாலிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரு அவைகளின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2001இல் யாழ்ப்பாணத்திலிருந்து சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு வந்தவன் நான். சமையல், துப்புரவு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்வது என்று எங்கள் சனம் இங்கே செய்யும் வேலைகளைச் செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன். இருவரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். மூத்தவளுக்கு 16 வயது. வீட்டில் தமிழ், பள்ளியில் இத்தாலியம், பல்லரோ சந்தையில் சிசிலியன் என்று மூன்றும் அவளுக்குச் சரளம். ஆனால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அவள் வெளிநாட்டுக்காரி. 18 வயது வரை இடைவிடாமல் இங்கே வாழ்ந்து, அதன்பிறகு ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால்தான் குடியுரிமை. நான் முதலில் பெற்றால் அவளுக்கும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் என் சம்பளத்தில் பாதி நெடுங்காலம் கையில் கொடுக்கப்பட்டது. வருமானச் சான்று கேட்கும் இடத்தில் என்னிடம் காட்டத் தாள் இல்லை.

சென்ற ஆண்டு அவள் வகுப்பு லண்டனுக்குச் சுற்றுலா போனது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு விசா நேரத்துக்கு வரவில்லை. அவள் வீட்டில் இருந்தாள். அந்த ஒரு வாரமும் அவள் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

அவள் வெளியே நிற்பது இரத்த வழி என்ற ஒரு சொல்லினால், அதாவது பிறந்த மண்ணைப் பார்க்காமல் பெற்றோர் வழியாகவே குடியுரிமை வரும் என்ற விதியினால். அந்த இரத்தம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதைப் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

1991இல் ஆல்ப்ஸ் பனிக்குள் கிடைத்து இன்று போல்சானோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஓட்சி என்ற பதப்பட்ட உடலை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர். அவருடைய மூதாதையரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அனதோலியாவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கிப் பக்கத்திலிருந்து வந்த உழவர்கள் என்றும், அவர் தோல் நன்றாகக் கறுத்தது என்றும் 2023இல் வெளியான மரபணு ஆய்வு சொன்னது. இத்தாலி பெருமையோடு காக்கும் அந்த மூத்த மனிதரே வந்தவர்களின் பிள்ளை. கருங்கடலுக்கு வடக்கேயுள்ள புல்வெளிகளைச் சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் இத்தாலிக்குள் வந்ததெல்லாம் அவருக்குப் பிறகுதான்.

ரோமுக்கு முன்பே நடு இத்தாலியில் செழித்த எத்ருஸ்கர்கள் கதை இன்னும் வியப்பானது. அவர்கள் இன்றைய துருக்கியின் மேற்கிலிருந்த லிடியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். 82 பேரின் எச்சங்களை ஆராய்ந்த 2021ஆம் ஆண்டு ஆய்வு, அவர்கள் அயல் இத்தாலியர்களைப் போன்ற உள்ளூர் மக்களே என்று காட்டியது. லத்தீன் போன்ற மொழிகளின் மூலத்தைக் கொண்டுவந்ததாகக் கருதப்படும் அந்தப் புல்வெளி மக்களின் பங்கு அவர்கள் உடலில் உண்டு. ஆனால் அவர்கள் பேசிய மொழிக்கோ லத்தீனோடு உறவே கிடையாது. மொழி ஒரு வழியாகவும் இரத்தம் இன்னொரு வழியாகவும் வரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? அப்புறம் ரோம் நகரம். அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் 29 இடங்களில் கிடைத்த 127 பேரின் மரபணுவை 2019இல் ஆராய்ந்தார்கள். பேரரசுக் காலத்தில் நகரத்தார் பெரும்பாலும் கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்து மக்களை ஒத்திருந்தார்கள்.

உங்கள் நாட்டின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 91இல் ரோமுக்குப் படை கொடுத்தும் குடியுரிமை கிடைக்காத இத்தாலிய இனக்குழுக்கள் கிளர்ந்தெழுந்தன. கொர்ஃபீனியம் நகரைத் தலைநகராக்கி, அதற்கு இத்தாலிக்கா என்று பெயர் வைத்தார்கள். ‘இத்தாலியா’ என்று பொறித்து, ரோமின் சின்னமான ஓநாயைக் காளை முட்டித் தள்ளுவதுபோல வெள்ளி நாணயமும் அடித்தார்கள். அடுத்த ஆண்டே ரோம் சட்டம் இயற்றிக் குடியுரிமையைத் திறந்துவிட்டது. கி.பி. 212இல் பேரரசர் கரகல்லா பேரரசின் ஏறக்குறைய எல்லாச் சுதந்திர மக்களுக்கும் அதைக் கொடுத்தார். குடியுரிமை கேட்டவர்கள்தான் அந்தப் பெயரைக் கொடியாகப் பிடித்தார்கள். நாடாளுமன்றத்தில் அதை உச்சரிக்கும் ஒவ்வொரு முறையும் இது உங்கள் நினைவுக்கு வரவேண்டும் என்று விரும்புகிறேன்.

வடக்கிலிருந்து வந்த ஜெர்மானிய இனங்களான கோத்தியர், 568இல் நுழைந்த லோம்பார்டியர் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. லோம்பார்டி என்ற பெயரே போதும். நான் வாழும் சிசிலியைப் பற்றிச் சொல்கிறேன். பலேர்மோவை அமைத்தவர்கள் இன்றைய லெபனான் கரையிலிருந்து வந்த கடல் வணிகர்களான பினீசியர். சிரக்கூசா கிரேக்கர் கட்டியது. 831இல் அராபியர் பலேர்மோவைப் பிடித்தார்கள், 1072இல் வட பிரான்சிலிருந்து வந்த நோர்மானியர். என் மனைவி வேலைக்குப் போகும் கால்சா பகுதியின் பெயர் அரபு. இங்கே எள்ளை ஜுஜ்ஜுலேனா என்பார்கள், அதுவும் அரபிலிருந்து வந்ததுதான். ஸீசா மாளிகையில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. 1149இல் ஒரு கிறிஸ்தவக் குரு தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என்று நான்கு விதமாக, ஒவ்வொன்றிலும் அதனதன் ஆண்டுக் கணக்கோடு ஒரு தாயின் சாவு எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது, என் தாயின் செத்தவீட்டுக்குப் போக முடியாத எனக்குத் தொண்டை அடைத்தது.

பலேர்மோவுக்குப் பக்கத்தில் பியானா தெல்யி அல்பனேசி என்ற ஊர். 1488இல் ஒட்டோமான் படைக்குத் தப்பி வந்த அல்பேனியர் நிறுவியது. ஐந்நூறு ஆண்டு தாண்டியும் வீதிப் பலகைகளில் அவர்கள் மொழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 சிறுபான்மை மொழிகளுள் ஒன்றாக நீங்களே அதை ஏற்றுக்கொண்டீர்கள். பலேர்மோவின் பாதுகாவல் புனிதர்களில் ஒருவரான கறுப்பர் பெனெதெத்தோவின் பெற்றோர் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள். இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெகிரீனோ மலையேறி நகரின் பாதுகாவல் புனிதையான சாந்தா ரொசாலியாவிடம் நேர்த்தி வைக்கும் தமிழரில் கிறிஸ்தவரும் உண்டு, சைவரும் உண்டு.

1938 ஜூலையில் முசோலினியின் பாசிச ஆட்சியில் வெளியான இன அறிக்கை, லோம்பார்டியருக்குப் பிறகு குறிப்பிடத்தக்க குடிப்பெயர்வு எதுவும் இல்லை, தூய இத்தாலிய இனம் ஒன்று இருக்கிறது என்றது. சிசிலியின் அராபியரும் நோர்மானியரும் அல்பேனியரும் ஒரு வரியில் துடைக்கப்பட்டார்கள். அந்தப் பொய் காகிதத்தோடு நிற்கவில்லை. அந்தச் செப்டெம்பரிலேயே, 1919க்குப் பிறகு குடியுரிமை பெற்றிருந்த வெளிநாட்டு யூதர்களிடமிருந்து அது பறிக்கப்பட்டது.

சரி, வெளியே போனவர்கள்? 1876 தொடங்கி நூறாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் பேர் இத்தாலியை விட்டுப் போனார்கள். 1891இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் 11 இத்தாலியரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் சிசிலிக்காரர்கள். அப்படிப் போனவர்களின் வாரிசுகளுக்கு, எத்தனை தலைமுறை கழிந்தாலும் இரத்த வழியில் குடியுரிமை கொடுத்து வந்தீர்கள். 2025 மே மாதம் அதைப் பெற்றோர், பாட்டன் பாட்டி வரை என்று சுருக்கினீர்கள். நாட்டோடு உயிருள்ள பிணைப்பு வேண்டும் என்று காரணமும் சொன்னீர்கள். அந்தக் காரணம் சரியானது என்றே நானும் நினைக்கிறேன். அப்படியானால் இங்கே பிறந்து, இங்கே படித்து, இந்த ஊர் வாயாடியாக வளர்ந்திருக்கும் என் மகளுடைய பிணைப்பு எந்தக் கணக்கில் வரும்?

வெளிநாட்டவர் குடியுரிமை கேட்பதற்கான பத்தாண்டு வதிவிட நிபந்தனையை ஐந்தாகக் குறைக்கும் வாக்கெடுப்பு அதே ஆண்டு ஜூனில் நடந்தது. ஏறத்தாழ 30 சதவீதம் பேர்தான் வந்ததால் அது செல்லாமல் போனது. வந்தவர்களில் மூன்றில் இருவர் ஆம் என்றார்கள். வாக்கெடுப்பு தோற்றதால் உங்கள் கைகள் கட்டப்படவில்லை. சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். இத்தாலியில் பிறந்த, அல்லது சிறு வயதில் வந்து இங்கே பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைக்கு, தகப்பனின் சம்பளத் தாளைப் பார்க்காமல், 18 வயதுவரை காத்திருக்க வைக்காமல் குடியுரிமை கொடுங்கள். மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுதான், அவள் எப்படியும் காத்திருந்து விண்ணப்பிப்பாள். தம்பிக்கு 9 வயது. அவனுடைய வகுப்பும் ஒருநாள் சுற்றுலா போகும்.

இப்படிக்கு,
பலேர்மோவில் வாழும் ஒரு தகப்பன்