குவாண்டனாமோ அரசுத் தரப்பு வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வழக்கறிஞர்களே,

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்கா மீது அல் காய்தா நடத்திய தாக்குதலில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 3,000 பேரின் குடும்பங்களுக்கு, கியூபாவிலுள்ள அமெரிக்கப் படைத்தளமான குவாண்டனாமோவில் நடக்கும் ராணுவ வழக்கின் மூலம் நீதி பெற்றுத்தரும் பொறுப்பு உங்களுடையது. அதை நான் சிறிதாக எண்ணவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏயின் ரகசியச் சிறைகளில் அடைத்து வைக்கப்பட்டவர்களின் வாக்குமூலங்களை நம்பி இந்த வழக்கை நடத்தாதீர்கள். உலகெங்கும் மக்கள் அவற்றைச் சந்தேகிப்பது குற்றவாளிகள் மீதுள்ள பரிவினால் அல்ல. அந்த வாக்குமூலங்களே சந்தேகப்படும்படி இருக்கின்றன.

அந்தத் தாக்குதலின் மூளையாகக் குற்றம் சாட்டப்பட்ட காலித் ஷேக் முகமது 2003 மார்ச் 1 அன்று பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் பிடிபட்டார். அந்த ஒரே மாதத்தில் 183 முறை முகத்தில் நீர் ஊற்றி அவரை மூச்சுத்திணற வைத்தார்கள். ஒரு கட்டத்தில் 180 மணி நேரம் தூங்க விடவில்லை. மூன்றரை ஆண்டுகள் வழக்கறிஞர் கிடையாது. செஞ்சிலுவைச் சங்கமும் அவரைப் பார்க்க முடியவில்லை. பிறகு 2007 மார்ச்சில் குவாண்டனாமோ தீர்ப்பாயத்தின் முன் முப்பதுக்கும் மேற்பட்ட சதிகளைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். வாஷிங்டன் மாநிலத்து பிளாசா வங்கியைத் தாக்கும் திட்டமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த வங்கி தொடங்கப்பட்டதே 2006இல்தான். சிறைக்குள் இருந்தவர் அதற்கு எப்போது குறிவைத்தார்? இந்த ஒரு வரியைப் படித்த பிறகு மற்ற வரிகளை யார் நம்புவார்கள்?

இதைவிடக் கொடிய விளைவைத் தந்தது 2001 இறுதியில் பிடிபட்ட லிபியரான இப்னு அல் ஷேக் அல் லிபியின் வாக்குமூலம். அமெரிக்கா அவரை எகிப்திடம் ஒப்படைத்தது. சிறிய பெட்டிக்குள் சுமார் 17 மணி நேரம் அடைத்தார்கள், பிறகு அடித்தார்கள் என்று அவர் பின்னாளில் சொன்னார். அடி நிற்க வேண்டுமே என்று ஒரு கதை சொன்னார்: அல் காய்தாவினருக்கு ஈராக் ரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சி தந்தது என்று. அந்தக் கதையைத்தான் 2003 பிப்ரவரி 5 அன்று அன்றைய அமெரிக்க வெளியுறவுச் செயலர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஆதாரமாக வைத்தார். அடுத்த மாதமே ஈராக் மீது அமெரிக்கா போர் தொடுத்தது. 2004 தொடக்கத்தில் அல் லிபி அதைத் திரும்பப் பெற்றார். அதற்குள் பாக்தாத் வீழ்ந்துவிட்டிருந்தது. 2009இல் அவர் லிபியச் சிறையில் இறந்தார். அந்தப் போரில் இறந்த ஈராக்கியக் குடும்பங்களுக்கும் இந்த வாக்குமூலத்தில் ஒரு கணக்கு இருக்கிறது.

2007 தொடக்கத்தில் அமெரிக்க உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் அதிகாரிகள் குவாண்டனாமோவில் புதிதாக, அடி உதை இல்லாமல் விசாரித்தார்களே என்று உங்கள் தரப்பு வாதிடுகிறது. ஆண்டுக்கணக்கில் அடித்துப் பழக்கியவரிடம் அதே அரசின் இன்னொரு அதிகாரி மரியாதையாகப் பேசினால் பயம் போய்விடுமா? இதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட அம்மார் அல் பலூச்சியை நிர்வாணமாக நிறுத்தி, விசாரணைப் பயிற்சிக்கு வந்தவர்கள் வரிசையாக அவர் தலையைச் சுவரில் மோதிப் பழகியதை சிஐஏயின் சொந்த விசாரணை ஆவணமே சொல்கிறது. 2025 ஏப்ரலில் ராணுவ நீதிபதி மெக்கால் அவருடைய 2007 வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க மறுத்தார். உங்கள் சீருடையே அணிந்த நீதிபதி அவர்.

இத்தனைக்கும் சித்திரவதை இல்லாத சான்று உங்களுக்குக் கிடைக்காமல் இல்லை. பிடிபடுவதற்கு முன்பே, 2002இல், கராச்சியில் அல் ஜசீரா செய்தியாளர் யோஸ்ரி ஃபூடாவிடம் காலித் ஷேக் முகமது அந்தத் தாக்குதலைத் தாங்களே நடத்தியதாகச் சொன்னார். யாரும் அவரை அடிக்கவில்லை. பணப் பரிமாற்றங்களும் பயணப் பதிவுகளும் இருக்கின்றன. 2012 மே மாதம் குற்றச்சாட்டுகளை முன்வைத்தீர்கள். முழு விசாரணை இன்னும் தொடங்கவில்லை. இத்தனை ஆண்டுகளை விழுங்கியதில் பெரும்பங்கு சித்திரவதை பற்றிய வாதங்களுக்குத்தான். காத்திருந்தே கண்ணை மூடிய பெற்றோர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே, குற்றம் சாட்டப்பட்டவர்களிடம் 2007இல் வாங்கிய வாக்குமூலங்களை நீங்களாகவே கைவிடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் மரண தண்டனை இல்லை என்று 2024 ஜூலையில் அவர்களில் மூவருடன் செய்துகொண்ட உடன்பாட்டை இரண்டே நாளில் அன்றைய பாதுகாப்புச் செயலர் ஆஸ்டின் ரத்து செய்தார். குடும்பத்தினர் அனுப்பும் கேள்விகளுக்கு அந்த மூவரும் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. அந்த ஏற்பாட்டையாவது மீட்க ஒரு வழி தேடுங்கள்.

இப்படிக்கு,
இந்த வழக்கைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு தமிழ் வாசகர்