சீட்டுப் போட வேண்டாம், தம்பி

நியூரம்பெர்க்,
டிசம்பர்.

அன்புள்ள தம்பிக்கு, கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

நர்ஸ் வேலைக்கு ஜெர்மனிக்கு வருவதா வேண்டாமா என்று இரண்டு சீட்டு எழுதி, ஜெபித்துவிட்டு, பாப்பாவை எடுக்கச் சொல்லலாம் என்கிறார்களாம் அம்மா. யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலர்கள் சீட்டுப் போட்டு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தது உண்மைதான். அது அப்போஸ்தலர் நடபடிகள் 1-ஆம் அதிகாரத்தில். பரிசுத்த ஆவி இறங்கியது 2-ஆம் அதிகாரத்தில். அதற்குப் பிறகு சபை சீட்டுப் போட்டதாக வேதத்தில் எங்கும் இல்லை. 15-ஆம் அதிகாரத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், தர்க்கம் பண்ணுகிறார்கள்; அப்புறம்தான் "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதுகிறார்கள். அந்த "எங்களுக்கும்" முக்கியம். கிதியோன் தேவனிடம் அடையாளம் கேட்டுப் போட்ட ஆட்டுத்தோலை அம்மா எடுத்துக்காட்டினால், செய்ய வேண்டியதைத் தேவன் அவனுக்கு முன்பே சொல்லியாகிவிட்டது என்று சொல்.

தேவனுடைய சித்தம் ஒரே ஒரு ஒற்றையடிப்பாதை, தவறவிட்டால் வாழ்க்கையே போச்சு என்று நீ பயப்படுகிறாய். பவுல் அன்றைய ரோம மாகாணமான ஆசியாவில் வசனம் சொல்லப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அங்கேயும் தடை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியாவுக்கு வா என்ற தரிசனம். கதவை அடைப்பது தேவனுடைய வேலை. நடப்பது நம் வேலை.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்ப்பான் என்றார் இயேசு. இங்கத்திய கணக்கு இது. பி2 என்கிற மொழித்தேர்வு நிலை வரை ஜெர்மன் படிக்க ஏறக்குறைய ஒரு வருடம். தொழில் அங்கீகாரம் கிடைக்கும்வரை உதவியாளர் சம்பளம்தான். காலேஜில் வாங்கும் டிரான்ஸ்கிரிப்ட்டில் (படிப்பு விவரச் சான்று) எந்த வார்டில் எத்தனை மணிநேரம் பயிற்சி என்று தனித்தனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இங்கே கூடுதல் பயிற்சி நீளும். பலர் நொந்துபோவது வேறொன்றில்: நோயாளியைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் இங்கே நர்ஸ் வேலை. நம்ம ஊரில் அதை நோயாளியின் வீட்டார் பார்ப்பார்கள். அதைக் கேவலம் என்று நினைத்தால் வராதே. இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுக்கும் பாண்ட் இருந்தால், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், மாதாமாதம் அந்தத் தொகை குறையுமா என்று எழுத்தில் வாங்கு.

பிறகு ஒரு தாளில் நான்கு கட்டம் போடு: போனால் லாபம், போனால் நஷ்டம், போகாவிட்டால் லாபம், போகாவிட்டால் நஷ்டம். இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் சொன்ன முறை. கத்தோலிக்கர் ஆயிற்றே என்று அம்மா முகம் சுளித்தாலும் பரவாயில்லை. போவதற்கு மட்டும் இரண்டு கட்டம் போட்டால், ஊரிலேயே இருப்பதற்குச் செலவே இல்லாததுபோலத் தோன்றிவிடும். வரிகளை எண்ணாதே, எது கனமானது என்று பார். முன்பின் தெரியாத ஒருவன் இதே தாளோடு வந்தால் அவனுக்கு என்ன சொல்வாய் என்றும் யோசி. முடிவை ஜெபத்தில் வைத்துச் சில நாள் பொறு.

மனம் வறண்டிருக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்பதும் இஞ்ஞாசியார் சொன்னதுதான். இங்கே டிசம்பரில் மாலை நாலேகாலுக்கே சூரியன் போய்விடும். அக்டோபரில் வேலைக்குச் சேருகிறவனுக்குப் பெரும்பாலும் 6 மாத சோதனைக்காலமும் முதல் குளிர்காலமும் ஒன்றாக வரும். அந்தக் காலத்தில் 2 வார நோட்டீசில் விலகலாம் என்பதால் ஜனவரி இருட்டிலேயே கடிதம் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. விலகுவது பாவமில்லை, ஆனால் வெளிச்சம் திரும்பும் மார்ச்சில் இன்னொரு தரம் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு விலகலாம்.

அப்புறமும் வருத்தம் வந்தால்? பொய் சொன்னோமா, யாரையாவது ஏமாற்றினோமா என்று பார். அப்படியானால் மனந்திரும்பு, அதற்கு மன்னிப்பு இருக்கிறது. இல்லையென்றால் அது வெறும் நஷ்டம். நஷ்டத்துக்குப் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால் மரணத்தை உண்டாக்கும் என்று பவுல் சொன்ன லௌகிக துக்கத்தில்தான் போய் விழுவாய்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு முன்னால் டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு மனு கொடுத்துவிடு. வந்தாலும் வராவிட்டாலும் அது உதவும். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடை எல்லாம் அடைப்பு, நான் வீட்டில்தான். ஆராதனை முடிந்து சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு, அந்தத் தாளும் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா